ஃபேக்ஸ் ஃபீல்டில் ஜிஎஸ்டி நம்பர்: ஒரு பழைய பில்லிங் டேட்டாபேஸை போஸ்ட்கிரேஸுக்கு மாற்றிய கதை

பின்னணி

கொங்குப் பகுதியில் நூல் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம். 2009இல் ஒருவர் பிஎச்பியில் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள்தான் 2022 வரை அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் எப்போதோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஆவணம் என்று ஒரு தாள்கூட இல்லை. அடியில் இருந்த டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 5.1. ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் முதலாளி புதிய மென்பொருளுக்குச் சம்மதித்தார்.

புதியதை வேறொரு குழு போஸ்ட்கிரேஸ் 14 என்ற இன்னொரு டேட்டாபேஸை நம்பி எழுதிக்கொண்டிருந்தது. எங்களிடம் வந்தது நடுவிலுள்ள வேலை: பழைய டேட்டாபேஸின் ஸ்கீமாவை (எந்த டேபிள், அதில் எந்த ஃபீல்டு என்ற அமைப்பை) தோண்டியெடுத்துப் புரிந்துகொள்ள வேண்டும், அதைப் புதிய இடத்துக்குப் பொருத்தமாக எழுத வேண்டும், 13 வருடக் கணக்கையும் ஒரு பைசா பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர். நானும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன ஓர் இளைஞரும். ஆறு வாரம் கேட்டிருந்தோம். பதினொன்று ஆனது.

தோண்டியபோது கிடைத்தது

மொத்தம் 61 டேபிள். அவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது யாரோ அவசரத்தில் எடுத்து வைத்த நகல் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ‘பில்’, ‘பில்_ஓல்டு’, ‘பில்1’ மூன்றும் ஒரே அமைப்பில் இருந்தன. மைஎஸ்கியூஎல்லில் இந்த டேபிள்களைச் சேமித்துவந்த மைஐஎஸ்ஏஎம் எஞ்சினில் ஒரு நல்ல விஷயம், டேபிளில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்ற தேதி இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவிலேயே கிடைக்கும். நாங்கள் அதைப் பார்த்தபோது 61க்கும் ஒரே தேதி காட்டியது. எங்கள் மெஷினில் ரீஸ்டோர் செய்த நகலைப் பார்த்துவிட்டு அரை நாள் குழம்பியிருக்கிறோம்! அசல் சர்வரில் போய்ப் பார்த்ததும் 23 டேபிள்கள் வருடக்கணக்கில் அசையாமல் கிடப்பது தெரிந்தது.

அடுத்த அதிர்ச்சி ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளில் உள்ள எண் இன்னொரு டேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று போடும் பூட்டு. டேட்டாபேஸை எழுத்தாக இறக்கிய டம்ப்பில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மென்பொருள் இருந்த ஃபோல்டரில் கிடந்த நிறுவல் ஸ்கிரிப்டில் பதினெட்டு ஃபாரின் கீ முறையாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பொறுப்பில்லாதவர் இல்லை. மைஎஸ்கியூஎல் 5.5 வருவதற்கு முன்பு வேறெதுவும் சொல்லாவிட்டால் டேபிள் மைஐஎஸ்ஏஎம்மில்தான் உருவாகும். அந்த எஞ்சின் ஃபாரின் கீ வரியைப் படிக்கும், பிழை என்று சொல்லாது, ஓரமாகப் போட்டுவிடும். தான் போட்ட பூட்டு பூட்டவேயில்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

பதினெட்டு உறவுகள் ஸ்கிரிப்டிலிருந்து கிடைத்துவிட்டன. அதற்குப் பிறகு சேர்ந்த டேபிள்களுக்கு நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இளைஞர் ஒரு நிரல் எழுதினார். ஒரு ஃபீல்டில் இருக்கும் மதிப்புகள் எல்லாம் இன்னொரு டேபிளின் பிரைமரி கீயில் (பதிவின் அடையாள எண்ணில்) இருந்தால் உறவு இருக்கலாம் என்று அது குறித்துக்கொள்ளும். யோசனை சரிதான். ஆனால் கீ எல்லாமே 1, 2, 3 என்று ஏறும் எண்கள். 40 வரை மட்டும் போகும் ஒரு ஃபீல்டு, 40க்கு மேல் பதிவு உள்ள எந்த டேபிளோடும் பொருந்தும். பில் டேபிளில் ‘டி_நோ’ என்று ஒரு ஃபீல்டு இருந்தது. அதற்கு மட்டும் ஒன்பது டேபிள்கள் வரிசையில் நின்றன. ‘டி’ என்றால் டிரான்ஸ்போர்ட் என்று இளைஞர் அடித்துச் சொன்னார். பிஎச்பி கோப்புகளில் அந்தப் பெயர் வரும், இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின் வரிகளைத் தேடியபோது அது போய் நின்ற இடம் தரகர் டேபிள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்! ‘மூட்டை’, ‘பாக்கி’, ‘தரகு’ எல்லாம் அதே பாணியில் இருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தோம்.

முதல் ஒத்திகை

இங்கேதான் நான் தவறு செய்தேன். பிஜிலோடர் என்ற கருவி மைஎஸ்கியூஎல்லிலிருந்து ஸ்கீமா, டேட்டா இரண்டையும் ஒரே கட்டளையில் போஸ்ட்கிரேஸுக்கு எடுத்து வந்துவிடும். ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம், மிச்சத்தைக் கையால் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். பத்தே நிமிடத்தில் முடிந்தது. 61 டேபிளிலும் பதிவு எண்ணிக்கை அப்படியே ஒத்துப்போனது. அன்று மாலை நிம்மதியாக டீ குடித்தோம்.

தமிழ்ப் பெயர்கள் கந்தலாக வந்திருந்தன, அதை உடனே பார்த்துவிட்டோம். பெரிய சிக்கல் கண்ணில் படவில்லை. மூன்று நாள் கழித்து, ஆடிட்டர் கையெழுத்திட்ட 2018–19 கணக்கோடு அந்த வருடத்து மொத்த விற்பனையை ஒப்பிட்டபோது எங்கள் தொகை சுமார் 11 லட்சம் அதிகமாக இருந்தது. பதிவு ஒன்றுகூடக் கூடவில்லை, தொகை மட்டும் கூடியிருக்கிறது.

காரணம் ‘நிலை’ என்ற ஒரு சின்ன ஃபீல்டு. அதன் வகை டைனிஇன்ட்(1). அடைப்புக்குள் இருக்கும் 1ஐப் பார்த்தால் ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது திரையில் காட்டும் அகலம் மட்டும்தான். −128 முதல் 127 வரை எதையும் அதில் வைக்கலாம். பழைய மென்பொருளில் 0 என்றால் வரைவு, 1 என்றால் போட்ட பில், 2 என்றால் ரத்தான பில். பிஜிலோடர் வழக்கமான விதிப்படி இந்த வகையை பூலியனாக (ஆம், இல்லை மட்டும் கொள்ளும் வகையாக) மாற்றும். 0 தவிர மற்றதெல்லாம் ‘ஆம்’. ரத்து செய்த பில்கள் அத்தனையும் நல்ல பில்களாக உயிர்த்தெழுந்திருந்தன.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விதி ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த ஃபீல்டில் என்னென்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க ஒரு வரி குவெரி போதும். நான் போடவில்லை.

கணக்குப்பிள்ளையோடு ஒரு பகல்

அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனத்தில் முப்பது வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளையைப் போய்ப் பார்த்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். எங்களிடம் அச்சடித்த பட்டியல், அவரிடம் அட்டை கிழிந்த நீள நோட்டு.

“ஐயா, இந்த ஃபேக்ஸ் நம்பர்ல ஏனுங்க எழுத்தெல்லாம் கலந்து இருக்கு?”

“அது ஃபேக்ஸ் இல்லீங்க தம்பி, ஜிஎஸ்டி நம்பர். ஃபேக்ஸ் மெஷினெல்லாம் காயலான் கடைக்குப் போயி எத்தனையோ வருசமாச்சுங்க.”

விஷயம் இதுதான். வாட் வரிக் காலத்து டின் எண் (வியாபாரியின் வரிப் பதிவு எண்) 11 இலக்கம். எழுதியவர் அதற்கு 11 அகலம் கொடுத்திருந்தார். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. புதிய எண் 15 எழுத்து. பழைய மைஎஸ்கியூஎல் கண்டிப்பான முறையில் ஓடவில்லை. நீளம் மீறினால் வெட்டிப் போட்டுவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும், அந்த எச்சரிக்கையை யாரும் பார்ப்பதில்லை. முதல் நாள் பதிந்த எண்கள் எல்லாம் கடைசி நான்கு எழுத்து இல்லாமல் அச்சானதைப் பார்த்த கணக்குப்பிள்ளை, யார் உதவியும் இல்லாமல், சும்மா கிடந்த ஃபேக்ஸ் இடத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் பதியத் தொடங்கிவிட்டார். பில் ஃபார்மில் ‘ஃபேக்ஸ்’ என்று அச்சான இடத்தின் மேல் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஐந்து வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. ஸ்கீமாவைப் பார்த்தாலும் நிரலைப் பார்த்தாலும் இது தெரிய வந்திருக்காது.

அடுத்து அநாதைப் பதிவுகள். வாடிக்கையாளர் பட்டியலான பார்ட்டி மாஸ்டரில் இல்லாத பார்ட்டி கோடோடு நாலாயிரம் சொச்சம் பில்கள் இருந்தன. குப்பை, நீக்கிவிடலாம் என்று இளைஞர் சொன்னபோது நானும் பாதி மனதோடு தலையாட்டியிருந்தேன். கணக்குப்பிள்ளை பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். கோடு ‘0’ என்றால் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிப் போனவர்கள். அவைதான் பெரும்பகுதி. மற்றவை, இரண்டு கணக்கு வைத்திருந்த பார்ட்டிகளை ஒன்றாக்கியபோது மாஸ்டரிலிருந்து அழித்த பழைய கோடுகள். எது எதோடு சேர்ந்தது என்பது நோட்டில் இருந்தது. நீக்கியிருந்தால் பல வருட ரொக்க விற்பனை மொத்தமாகப் போயிருக்கும்.

எடுத்த முடிவுகள்

ஒரே தாவலில் மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டோம். முதலில் போஸ்ட்கிரேஸில் ஓர் இடைத்தங்கல் ஸ்கீமா. அதில் எல்லா ஃபீல்டும் வெறும் டெக்ஸ்ட், தமிழ் உள்ளவை மட்டும் பைட்ஏ (பைட்களை அப்படியே வைக்கும் வகை). எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, எதையும் திருத்துவதும் கிடையாது. அங்கிருந்து புதிய ஸ்கீமாவுக்குப் போவதை நாங்களே எஸ்கியூஎல் கோப்புகளாக எழுதினோம். இரட்டை வேலைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கோப்பில் படிக்கிற மாதிரி இருக்கும், தப்பானால் அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம், யாராவது கேட்டால் காட்டலாம். கணக்கு சம்பந்தப்பட்ட இடத்தில் அது வேண்டும்.

‘நிலை’ ஃபீல்டை ஸ்மால்இன்ட்டாகவே வைத்து, 0, 1, 2 தவிர எதுவும் நுழையாதபடி ஒரு செக் (கட்டுப்பாடு) போட்டோம். பணம் கட்டிய தேதியில் இருந்த ‘0000-00-00’ போஸ்ட்கிரேஸில் செல்லாது. அதை நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்க வேண்டும். ஆனால் அந்தப் பூஜ்யத் தேதிக்கு இரண்டு அர்த்தம் இருந்தது. கடன் பில்லில் ‘இன்னும் கட்டவில்லை’, ரொக்க பில்லில் ‘தேதி தேவையில்லை’. அப்படியே நல் ஆக்கியிருந்தால் ரொக்கம் கொடுத்தவர்கள் எல்லாம் பாக்கிப் பட்டியலில் வந்திருப்பார்கள். கடன் பில்லில் மட்டும் நல் வைத்து, ரொக்க பில்லுக்கு பில் தேதியையே போட்டோம்.

தொகைகள் ஃப்ளோட் என்ற தோராய எண் வகையில் இருந்தன. 1,23,456.78 என்று பதிந்ததை மைஎஸ்கியூஎல் 123457 என்றுதான் வெளியே காட்டும்; டம்ப்பிலும் அப்படியே வரும். இந்த அளவுத் தொகைக்கு உள்ளே பைசா பத்திரமாக இருக்கும். 0.0ஐக் கூட்டிக் கேட்டால் துல்லியம் கூடிய டபுளாக மாறி 123456.78125 என்று வெளியே வரும், அதை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கி, தசமத்தை அப்படியே வைக்கும் நியூமெரிக்கில் வைத்துவிடலாம். பத்தாயிரத்தைத் தாண்டிய பில்களுக்கு எல்லாம் இப்படித்தான் எடுத்தோம்.

பார்ட்டி கோடில் ‘கே12’ என்பது பெரிய எழுத்திலும் இருந்தது, சிறிய எழுத்திலும் இருந்தது, பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டும் இருந்தது. பழைய டேட்டாபேஸுக்கு மூன்றும் ஒன்று. அதன் வழக்கமான ஒப்பீட்டு முறை ஸ்வீடிஷ் (மைஎஸ்கியூஎல் பிறந்த ஊர் அது). பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, கடைசி இடைவெளியையும் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரேஸுக்கு மூன்றும் வேறு வேறு. இரண்டாவது ஒத்திகையில் மொத்த விற்பனை சரியாக வந்து, பார்ட்டிவாரி மொத்தம் மட்டும் குறைந்தது இதனால்தான். எல்லாக் கோடையும் இடைவெளி நீக்கிப் பெரிய எழுத்தாக்கி, இனி வேறு விதமாக நுழையாதபடி செக் போட்டோம். பெரிது சிறிது பார்க்காத சிஐடெக்ஸ்ட் வகையை வைத்துக்கொள்ளலாமே என்று மற்றக் குழு கேட்டது. கடைசி இடைவெளிச் சிக்கல் அதில் தீராது என்பதால் வேண்டாம் என்றோம்.

பத்தோடு நிற்கும் பெயர்கள்

எங்களை அதிகம் வேலை வாங்கியது தமிழ்ப் பெயர்தான். டேபிள் லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டு முறை) என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பிஎச்பி பக்கமோ தமிழும் அடங்கும் யுடிஎஃப்-8இல் அனுப்பிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் அதைத் தமிழ் என்று அறியாமலேயே பைட்களை வாங்கி வைத்தது, கேட்டபோது அதே பைட்களைத் திருப்பிக் கொடுத்தது. திரையில் நல்ல தமிழ் தெரிந்தது. நடுவில் ஒரு கருவி ‘இது லத்தீன்-1தானே’ என்று நம்பி யுடிஎஃப்-8க்கு மாற்றியதும் சாயம் வெளுத்தது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று பக்கம் முழுக்க ஓடியது. வட்டத்துக்குள் ஆர் வரிசையாகத் தெரிந்தால் அங்கே ஒளிந்திருப்பது தமிழ்தான் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்கள் அந்த இரண்டு உருவத்தில்தான் பெரும்பாலும் தெரியும்.

இதற்கு மருந்து எளிது. பைனரியாக எடுத்து, பிறகு யுடிஎஃப்-8 என்று படிக்கச் சொன்னால் போதும். படிக்கச் சொன்னபோது போஸ்ட்கிரேஸ் பல பதிவுகளில் செல்லாத பைட் என்று மறுத்துவிட்டது.

மாதிரிக்கு ஒரு பெயரை வைத்துச் சொல்கிறேன். பெயர் ஃபீல்டின் அகலம் 30. லத்தீன்-1 கணக்கில் ஒரு பைட்டுக்கு ஓர் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், ஆக 10 குறிதான் கொள்ளும். புள்ளி, கொம்பு, உகரம் எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் ‘செல்லமுத்து’ என்பது கம்ப்யூட்டர் கணக்கில் 11 குறி, 33 பைட். கடைசி உகரம் வெட்டுப்பட்டு ‘செல்லமுத்த’ என்று நிற்கும். முன்னால் ‘கு.’ என்ற முதலெழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் அவற்றுக்கே 8 பைட் போய்விடும். மிச்சம் 22இல் ஏழு குறி போக ஒரு பைட் அனாதையாகத் தொங்கும். ‘கு. செல்லமு’, அதன் வாலில் அந்த ஒற்றை பைட். போஸ்ட்கிரேஸ் மறுத்தது இதைத்தான்.

வால் தொங்கியவை தாமாகவே மாட்டிக்கொண்டன. முதலெழுத்து இல்லாமல் மூன்றின் மடங்கில் அழகாக வெட்டுப்பட்டவைதான் ஆபத்து. அவை செல்லுபடியாகும் தமிழ், எந்தச் சோதனையும் பிடிக்காது. 28 முதல் 30 பைட் வரை உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தோம். வாலை நறுக்கி, பதிவில் ஓர் அடையாளம் வைத்து, பட்டியலை அச்சடித்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தோம். பில் புத்தகங்களைப் பார்த்து நான்கு நாளில் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தார். பத்து வருடமாக வால் இல்லாத பெயரில் பில் வாங்கியவர்கள் யாரும் புகார் சொன்னதில்லையா என்று கேட்டேன். “பேனாவுல எழுதிக் குடுத்துருவமுங்க” என்றார்.

இன்னொன்றும் உண்டு. ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. போஸ்ட்கிரேஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருப்பதால் ஒரு வரியில் தீர்ந்தது.

மாற்றிய ஞாயிறும் மறுநாளும்

நான்கு ஒத்திகைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம். ஒப்பிட்டது மூன்றை: ஆடிட் ஆன ஒவ்வொரு வருடத்தின் மொத்தம், ஒவ்வொரு பார்ட்டியின் பாக்கி, ஒவ்வொரு மாதத்தின் வரித்தொகை. மூன்றும் பைசாவரை பொருந்தின.

திங்கள் காலை ஒன்பதரைக்கே போன். கவுன்டரில் இருந்தவர் பார்ட்டி கோடை வழக்கம்போலச் சிறிய எழுத்தில் அடித்திருக்கிறார், பார்ட்டி இல்லை என்று திரை சொல்லியிருக்கிறது. டேட்டாவைச் சுத்தம் செய்த நாங்கள், தட்டச்சு செய்யும் விரல்களை மறந்துவிட்டோம். தேடும் இடத்தில் பெரிய எழுத்தாக்கும் ஒரு சொல் சேர்த்ததும் சரியானது. மதியம் இன்னொன்று. பழைய பார்ட்டிவாரி ரிப்போர்ட்டை போஸ்ட்கிரேஸ் ஓட்ட மறுத்தது. அதில் குரூப் பை (பதிவுகளைத் தொகுக்கச் சொல்லும் வரி) சரியில்லை. தொகையைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் ‘விலை’ என்று ஒரு ஃபீல்டையும் காட்டச் சொல்லியிருந்தது. பல பில்களில் எந்த பில்லின் விலை? மைஎஸ்கியூஎல் 5.1 கையில் கிடைத்த ஏதோ ஒன்றைக் காட்டிவந்திருக்கிறது. முதலாளி அந்த எண்ணைச் சராசரி விலை என்று நினைத்து வருடக்கணக்கில் பேரம் பேசியிருக்கிறார். அதை அவரிடம் சொன்னது இந்த வேலையிலேயே சங்கடமான பத்து நிமிடம்.

இன்று செய்தால்

முதல் வாரம் கம்ப்யூட்டர் பக்கம் போக மாட்டேன். கணக்குப்பிள்ளை ஒரு பில் போடுவதையும் ஒன்றை ரத்து செய்வதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ரப்பர் ஸ்டாம்ப் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எத்தனை வேறுபட்ட மதிப்பு, மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது, அதிகபட்ச நீளம் என்ன என்று ஒரு பட்டியலை எந்தக் கருவியையும் தொடும் முன் எடுப்பேன். அதிகபட்ச நீளம் ஃபீல்டின் அகலத்தோடு அச்சாக ஒத்துப்போனால் அங்கே ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். பதிவு எண்ணிக்கை ஒத்துப்போவதை வெற்றியாக யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஃபாரின் கீ விஷயத்தில் செய்ததையே மறுபடியும் செய்வேன். எல்லாவற்றையும் முதலில் நாட் வேலிட் என்று போட்டோம். பழையதைச் சோதிக்காது, புதிதாக வரும் தப்பை விடாது. பிறகு ஒவ்வொன்றாகப் பழையதைச் சரிசெய்து வேலிடேட் செய்தோம். ரொக்கத்துக்கு ஒரு பார்ட்டி பதிவு உருவாக்கினோம், நோட்டில் இருந்த பழைய கோடுகளை ‘இணைக்கப்பட்டது’ என்ற குறிப்போடு மாஸ்டரில் திரும்பச் சேர்த்தோம். தரகர் டேபிளுக்குப் போகும் கீ மட்டும் நின்றுவிட்டது. 31 பில்களில் இருக்கும் தரகர் எண்கள் யாருடையவை என்று நோட்டிலும் இல்லை, கணக்குப்பிள்ளைக்கும் நினைவில்லை. பொய்யாக ஒரு தரகரை உருவாக்கினால் தரகு ரிப்போர்ட்டில் இல்லாத ஆளுக்குத் தொகை ஏறும். அதனால் அந்த ஒரு கீயை மட்டும் நாட் வேலிட்டாகவே விட்டு, காரணத்தை அதன் கமென்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.